இரட்டை உடல் படகும் இரண்டு எலுமிச்சம்பழங்களும்

அக்காவின் கணவருக்கு மலேசியக் கடற்கரை ஊரான லுமுட்டில் ஒரு ஒற்றை உடல் பாய்மரப் படகில் பங்கு உண்டு. நான் அதில் ஏறியது ஒரே ஒரு முறை, தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு. பங்கோர் தீவு போய்ச் சேரும்வரை வாந்தி. அதிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் ஈப்போவில் தன் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் அவர் சொல்வது அந்தக் கதைதான்.

"என் மச்சான் எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே பங்கோர் வந்தான். தோட்டத்துல பொறந்தவனுக்கு கடல் எதுக்குலா?"

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில்தான் அக்காவும் பிறந்தாள். கதையில் அந்த இடம் வரும்போது முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

பணி ஓய்வுக்குப் பிறகு, லங்காவித் தீவு வரை நிதானமாகப் போய்வர ஒரு படகு வாங்கலாமா என்று யோசித்தேன். இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய படகைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். காற்றில் சாயாது, ஆழமில்லாத கரையிலும் நிற்கும். ஆனால் பக்கவாட்டு அலையில் வெட்டி வெட்டி ஆடும். ஒற்றை உடல் படகில் பழகியவர்கள் சிலருக்கு அது வயிற்றைப் புரட்டும். அந்தப் பக்கத்தை இரண்டாம் முறையும் படித்தேன்.

இந்தத் தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, விலைக்கு வந்த ஒரு படகை ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தேன். "உங்க அனுபவம் வேணும் அத்தான்" என்று அவரையும் அழைத்தேன். வழியில் லகாட்டில் அவருக்குத் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தேன், காரச் சம்பல் கூடுதலாக. நான் காலையிலிருந்து இஞ்சி மட்டும் மென்றேன்.

படகுத்துறையில் அவர் இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்தார். புதுக் காருக்கு டயரடியில் வைத்து நசுக்குவோமே, அதற்காக.

"ரெண்டு வயிறு உள்ள படகுலா மச்சான், ரெண்டு பழம் வேணும். மிஞ்சினா ஒனக்கு."

குனிந்து பார்த்த பிறகுதான் படகுக்கு டயர் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. பழங்கள் சட்டைப்பைக்குள் போயின.

படகின் சொந்தக்காரர் பாயை ஏற்றினார். தீவைத் தாண்டியதும் அலை பக்கவாட்டில் வந்தது. பாய்மரத்தருகே அமர்ந்து அடிவானத்தையே பார்த்திருந்த நான் திரும்பியபோது, ஒரு பழம் அத்தானின் மூக்கருகே இருந்தது.

"திரும்பிரலாம் மச்சான்."

"இப்பதானே வந்தோம்? இன்னும் கொஞ்சம் போலாம் அத்தான்."

இரண்டு உடல்களுக்கும் நடுவே கட்டியிருந்த வலை வழியாக அவர் தின்ற நாசி லெமாக் கடலில் விழுந்தது.

படகை வாங்கவில்லை. அதன் அகலத்துக்குத் துறையில் இரண்டு படகின் இடம் வேண்டுமாம்.

தீபாவளியன்று வீடு நிறைந்ததும் நானே கேட்டேன்: "அத்தான், அந்தப் பங்கோர் கதையச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எல்லோரிடமும், "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றார். அக்கா முறுக்குத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த தீபாவளிக்கும் கேட்பேன்.