நாலாவது டிராக் காலி

லைட்ஹவுஸ் குப்பத்தில் சோபியாவின் குரல் தெரியாதவர் கிடையாது. படகுகள் கரை ஏறியதும், கூடைகளைச் சுற்றி நிற்கும் வியாபாரிகளுக்கு நடுவே நின்று ஏலம் விடுகிறவள் அவள். நண்டுக்கு ஒரு குரல், இறாலுக்கு ஒரு குரல் என்ற வேறுபாடெல்லாம் அவளிடம் இல்லை. இருப்பது ஒரே குரல்தான். அது பழவேற்காடு கடைத்தெரு வரைக்கும் கேட்கும் என்பார்கள். கேட்காது, நடுவில் ஏரி இருக்கிறது. ஆனாலும் அப்படிச் சொல்வதை யாரும் நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் குரலுக்கு விடுமுறை. அன்றைக்கு அவள் சர்ச் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று வாயை அசைப்பாள். சத்தம் வராது. குழுவில் சேர்ந்த புதிதில், முதல் ஒத்திகை முடிந்ததும் பிரபாகரன் மாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சோபியாம்மா, உங்க குரல் கொஞ்சம் பெரிசு. மத்தவங்க முழுகிப் போயிடறாங்க. வரிசைக்கு ஆளு வேணும், அதனால வராம இருந்துடாதீங்க. பின்னாடி நின்னு வாயை மட்டும் அசைங்க, போதும்" என்றார்.

மாஸ்டர் நல்ல மனிதர். மெதுவாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் சோபியாவும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பாள், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். மெதுவாகச் சொன்னதால் "சரி மாஸ்டர்" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து வருஷக்கணக்காக அசைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வேலையை எடுத்தால் ஒழுங்காகச் செய்கிறவள் என்பதால், குழுவிலேயே நன்றாக வாய் திறக்கிறவள் என்ற பெயரும் வாங்கிவிட்டாள்.

கணவன் டேவிட்டுக்கு இது தெரியாது. சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாதி நேரம் தூங்குகிறவன் அவன். விழித்திருக்கும் நேரத்தில் மனைவியின் வாய் அசைவதைப் பார்த்து, பாடுகிறாள் என்றே நம்பியிருந்தான்.

டேவிட் அண்ணனோடு கூட்டாக ஃபைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவன். கரையில் இருக்கும் நேரமெல்லாம் ஒரு மெஷினோடு கழியும். சென்னையில் பக்திப் பாட்டுக் கேசட் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஸ்டூடியோவை மூடியபோது, எடைக்குப் போக இருந்ததை இவன் தூக்கிக்கொண்டு வந்தான். நாலு டிராக் கேசட் ரெக்கார்டர். பார்ப்பதற்கு டேப்ரிக்கார்டரைப் படுக்க வைத்துப் பக்கத்தில் வரிசையாகக் குமிழ் நட்டது போல இருக்கும்.

சாதாரண டேப்ரிக்கார்டரில் கேசட்டுக்கு இரண்டு பக்கம். இந்த மெஷினுக்கு ஒரே பக்கம்தான். இரண்டு பக்கத்து இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, நாலு டிராக்காக்கி, நாலையும் ஒரே திசையில் ஓட்டும். முதலில் கிடார் வாசிக்கலாம். அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் கீபோர்டு, மூன்றாவதில் பாட்டு என்று ஒரே ஆள் ஒரு கோஷ்டியாகிவிடலாம். கேசட்டைத் திருப்பிப் போட்டால் எல்லாம் தலைகீழ். பாட்டு முடிவிலிருந்து ஆரம்பத்துக்கு ஓடும். நாலாவது டிராக் முதலாவதாகிவிடும். டேவிட் கேசட்டைத் திருப்புவதே இல்லை என்பதால் இந்த விவரம் வீட்டில் பேச்சில் வந்ததில்லை.

மெஷின் பாடியதைவிடப் பழுதானதுதான் அதிகம். பெல்ட் உருகித் தார் போல ஒட்டிக்கொண்டபோது, நண்டின் கொடுக்கைக் கட்டும் ரப்பரை எடுத்து மாட்டினான். பாட்டு, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்து பாடியது போல வந்தது. பிறகு கூரியரில் சரியான பெல்ட் வந்தது. அதை மாட்டியதும், ரப்பர் காலத்தில் பதிந்ததெல்லாம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் பாடியதாக மாறிவிட்டது. எது நடந்தாலும் டேவிட் சொல்லும் காரணம் ஒன்றுதான், உப்புக் காற்று. ஃபேன் நின்றாலும் உப்பு, போன் செத்தாலும் உப்பு. மகள் நிவேதா கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்டதற்கும் கொஞ்ச நாள் உப்பைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். கேசட்டுகளை உப்பு அண்டாமல் இருக்க மீன் வைக்கும் ஐஸ் பெட்டியில், துணியில் கட்டிய அரிசியோடு வைத்திருந்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் மீன் இருக்கிறதா என்று திறந்து பார்த்து ஏமாந்து போவார்கள்.

பொன்னேரியில் வேலைக்குப் போய்விட்ட நிவேதா ஒரு தடவை, "போன்லயே இதெல்லாம் வந்துடும் நைனா, எத்தினி டிராக் வேணா போட்டுக்கலாம்" என்றாள்.

"எத்தினி வேணா போட்டா எப்ப முடிக்கிறது?" என்றான் டேவிட்.

நாலை வைத்துக்கொண்டே அவன் முடிக்கவில்லை என்பதை யாரும் சொல்லிக்காட்டவில்லை. அவன் கட்டிய பாட்டு ஒன்றே ஒன்று. 'வாடைக் காத்தே, வலைய விட்டுடு, மிச்சத்த நீயே வச்சிக்க' என்று காற்றோடு பேரம் பேசுகிற பாட்டு. மூன்று டிராக்கை அழித்து அழித்து வாசித்துப் பல வருஷத்தில் ஒரு வழியாகத் திருப்திப்பட்டிருந்தான். நாலாவது மட்டும் காலி. அது சோபியாவுக்கு. ஆரம்பத்தில் கேட்டிருந்தான்.

"எனக்கு வராதுய்யா" என்றாள் அவள்.

"சர்ச்ல பாடறியே."

"அது வேற."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. வேறு எதையாவது போட்டு அந்த இடத்தை நிரப்பவும் இல்லை. தாளம் போடலாமே, புல்லாங்குழல் வைக்கலாமே என்று யார் சொன்னாலும், "அது காலி" என்பான். சோபியாவுக்கு அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம், தனக்கென்று இலை போட்டுவைத்துக் காத்திருக்கும் பந்தியில் போய் உட்கார முடியாதது போல இருக்கும்.

இந்த வருஷத் திருவிழாவில் குழுவை யாரோ வீடியோ எடுத்தார்கள். மாஸ்டர் அதைப் போனில் எல்லோருக்கும் காட்டினார். சோபியா வந்த இடத்தில் நிறுத்தி, "சோபியாம்மாவப் பாருங்க. நிஜமாவே பாடற மாதிரி எவ்ளோ அழகா இருக்கு" என்றார். பாராட்டத்தான் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள், சோபியாவும் ஆட்டினாள்.

மறுநாள் டேவிட் கடலில் இருந்தான். சோபியா கதவைச் சாத்திவிட்டு மெஷின்மேல் போர்த்தியிருந்த போர்வையை எடுத்தாள். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்தவளுக்கு எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியும். மைக்கை எங்கே செருகுவது, எந்தக் குமிழை ஏற்றுவது, சிவப்புப் பொத்தானை எதனோடு சேர்த்து அமுக்குவது எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றுதான். உள்ளே அவன் பாட்டு இருக்கிறது, அது அழிந்துவிடக்கூடாது என்று, உலகத்தில் எல்லோரும் செய்கிற மாதிரி கேசட்டை எடுத்து மறுபக்கம் திருப்பிப் போட்டாள். முதல் டிராக்கை அமுக்கினாள்.

நாடாவின் ஆரம்பத்தில் இருக்கும் அந்த ஒரு பாட்டு முடிந்த இடத்தில்தான் டேவிட் கேசட்டை நிறுத்தி வைத்திருப்பான். அதனால் திருப்பிய கேசட்டில் ஒரு பாட்டு அளவுக்குத்தான் நாடா மிச்சம் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு 'வாடைக் காத்தே' பாடினாள். கரையில் கூவுகிற அதே குரல், குறைக்கவில்லை. அவள் முடிக்கவும் நாடா தீர்ந்து பொத்தான் தானாக எழும்பியது. கேட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பழையபடி திருப்பி வைத்துவிட்டு, மீன் கழுவப் போனாள். அன்றைக்கெல்லாம் சந்தோஷமாக இருந்தாள்.

இரண்டு நாள் கழித்து டேவிட் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஸ்பீக்கர் கிடையாது, அதை எப்போதோ உப்பு தின்றுவிட்டது. சோபியா பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்தபடி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபக்கத்தையும் போட்டுப் பார்ப்பான் என்று நினைத்திருந்தாள். அவன் போடவில்லை, ஆனால் முகம் சுருங்கியது.

"நாலாவதுல ஏதோ கீது" என்றான்.

அவள் கை நின்றது. "இன்னா கீது?"

"ஊளை. நாய்க்குத் தொண்டைல முள்ளு மாட்டிக்கின மாதிரி."

பாட்டைக் கேட்டுத்தான் சொல்கிறான் என்று சோபியா எடுத்துக்கொண்டாள். மறுபக்கத்தில் பாடியது எப்படி நாலாவதில் கேட்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் நாலாவது காலி என்பதும், தன்னைத் தவிர யாரும் அங்கே பாடவில்லை என்பதும் தெரியும். மாஸ்டர் மெதுவாகச் சொன்னதை இவன் சத்தமாகச் சொல்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். வலித்தது. இறால் ஓடு குத்தியதாகச் சொல்லி எழுந்து உள்ளே போய் அழுதாள்.

டேவிட்டுக்குச் சந்தேகமே இல்லை, உப்பு. மெஷினைத் திறந்தான். நாடா உரசுகிற ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான், ஒயர்களைப் பிடுங்கிச் சுரண்டி மறுபடி பற்றவைத்தான். ஊளை இருந்தது. இருந்த ஒரு நல்ல பெல்ட்டையும் கழற்றி மாட்டினான். இருந்தது. நாலாவது குமிழை ஏற்றினால் மீட்டர் ஊசி சிவப்பில் போய் முட்டுகிறது என்று கவலைப்பட்டான். கொஞ்சம் விவரம் தெரிந்தவன் ஒரு தடவை கேட்டிருந்தால், இது தலைகீழாக ஓடும் மனிதக் குரல் என்று சொல்லியிருப்பான். ஆனால் உப்பை நம்புகிறவனுக்கு விவரம் தேவைப்படுவதில்லை. பக்கத்து வீட்டு செல்வம்மாளைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டான்.

"சாமி வந்த மாதிரி கீதுபா" என்றாள் செல்வம்மாள். "வூட்ல வெச்சிக்காத."

சோபியா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சோறு வடித்தாள். கரையில் அவள் குரல் இறங்கிப்போனது. "சத்தமா சொல்லும்மா, காதுல விழல" என்று வியாபாரிகள் கத்தினார்கள். ஒரு கூடை நண்டை இரண்டு பேர் தனக்கென்று நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாயை அசைக்கக்கூட முடியாமல் மூடிக்கொண்டு நின்றாள். தொண்டை சரியில்லையா என்று மாஸ்டர் அக்கறையாகக் கேட்டார்.

கடைசியில் டேவிட் வேறொரு கேசட்டைப் போட்டுப் பார்த்தான். அதில் ஊளை இல்லை.

"மெஷின்ல இல்ல சோபி. உப்பு கேசட்டுக்குள்ள பூந்துக்குது" என்றான், நோய் தெரிந்துவிட்ட நிம்மதியோடு. "நாலாவத மட்டும் மைக் இல்லாம சும்மா ரெக்கார்டு பண்ணா சுத்தமா போய்டும். அப்புறம் பழையபடி காலி."

பழைய கேசட்டைத் திரும்பப் போட்டு, மைக்கைப் பிடுங்கினான். நாலாவது டிராக்கைத் தேர்ந்தெடுத்தான். விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது.

சோபியாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழிந்தால் அசிங்கம் யாருக்கும் தெரியாமல் போகும். மறுபடி காலியாகும், மறுபடி அவன் காத்திருப்பான், அவள் மறுபடி 'வராது' என்பாள். அதை நினைத்தபோதுதான் தாங்கவில்லை.

"நிறுத்துய்யா" என்றாள். ஏலக் குரல் வந்துவிட்டது. "அது உப்பு இல்ல. நான்."

டேவிட் திரும்பிப் பார்த்தான்.

"நான் பாடுனேன். நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. ஊர்ல கீறவங்களக் கூப்ட்டு நாயி, சாமின்னு ஏன் சொல்ற?"

"நீயா?" என்றான். "எங்க பாடுன?"

அவள் கேசட்டைப் பிடுங்கினாள். அன்றைக்குச் செய்ததைப் போலவே, திருப்பிப் போட்டு மூடினாள்.

"அது தப்புப் பக்கம்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். "இதுக்கு ஒரே பக்கம்தான் சோபி. திருப்பினா நாலாவது மொதலாவதா ஆயிடும், எல்லாம் பின்னாலேர்ந்து ஓடும்" என்றான். பிறகு நாடாவைச் சரியான இடத்துக்கு ஓட்டி, மற்ற மூன்று குமிழையும் இறக்கி, முதலாவதை மட்டும் ஏற்றினான். ஹெட்போனை மாட்டிக்கொண்டான். ஊசி சிவப்பில் முட்டியது. அவன் குமிழைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கேட்டான். நாடா தீர்ந்து பொத்தான் எழும்பும்வரை அசையவில்லை.

சோபியா அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மறுபடி ஓட்டி, ஹெட்போனை எடுத்து அவள் தலையில் மாட்டினான். அவள் தன் குரலை முதல் தடவையாகக் கேட்டாள். பெரிய குரல்தான். ஆனால் முழுகிப் போவதற்கு அங்கே யாரும் இல்லை.

"சர்ச்ல இப்டித்தான் பாடறியா?" என்று கேட்டான்.

"சர்ச்ல நான் பாடறதே இல்ல. வாய மட்டும் அசைக்கிறேன். மாஸ்டர் அப்டித்தான் சொன்னாரு, சேந்தப்பவே."

டேவிட் மாஸ்டரைத் திட்டவில்லை. கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மைக்கை மறுபடி செருகி அதன் முன்னால் நிறுத்தினான். கேசட்டைத் திருப்பவில்லை. இரண்டாவது டிராக்கைத் தேர்ந்தெடுத்தான்.

சோபியாவுக்கு அது என்னவென்று புரிந்தது. "யோவ், உன்னுது கீது அதுல. அழிஞ்சிடும்."

"ரெண்டும் ஒண்ணா ஓடாது. உன்னுது முன்ன போனா என்னுது பின்ன போவும்."

"எத்தினி வருஷம் வாசிச்ச. நான் வேணா இன்னொரு தபா, சரியான பக்கத்துல பாடறேன்."

"நீ ஒண்ணும் பண்ண வேணாம்" என்றான் டேவிட். "நீ பாடி முடிச்சிட்ட. நான்தான் பாக்கி."

ஹெட்போனை அவளிடமிருந்து வாங்கி மாட்டிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அமுக்கினான். அவள் மூச்சு வாங்குகிற இடமெல்லாம் அவனுக்குப் புதிது. இரண்டாவது வரியிலேயே பிசகினான். நாடாவை ஓட்டி மறுபடி ஆரம்பித்தான், மறுபடி பிசகினான். சோபியா இறால் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தபா" என்றாள்.