தாத்தா அமெரிக்காவுக்குப் போகவில்லை

டிம்ப்னா காரிஹி எங்கள் ஊர்ச் செவிலி. அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்து மேற்குக் கரையில் அவள் ஊசி போடாத வீடு கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்துப் பண்ணையில் மாடு வளர்த்த அண்ணன் கோல்மன்தான் ஒரே உறவு. ஆங்கிலேயரோடு சண்டையிட்டுச் செத்த ஊர்ப் பையன்களின் நினைவுக் குழுவுக்கு அவன் தலைவன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், தாத்தா விட்டுப்போன தோட்டத்தில் உருளைக்கிழங்கு நடக் கொத்தியபோது மண்ணிலிருந்து ஒரு பித்தான் வந்தது. துடைத்தாள். யாழும் அதன் மேல் கிரீடமும். அதை அணிந்தவர்கள் யாரென்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆங்கிலேய அரசனின் போலீஸ். 'பீலர்' என்று சொல்லிக் காறித் துப்புவோம்.

தாத்தா பார்ட்லி இளமையில் அமெரிக்காவில் இருந்தார் என்பதுதான் வீட்டுப் பேச்சு. ஆனால் அங்கிருந்து ஒரு புகைப்படம்கூட வந்ததில்லை என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

யாரிடமும் சொல்லாமல் டப்ளினுக்குப் போனாள். ஆவணக் காப்பகத்தில் பழைய காவலர் பதிவேட்டைத் திரையில் ஓட்டிக்கொண்டே வந்தாள். பெயர் கண்ணில் பட்டதும் ஓட்டுவதை நிறுத்தினாள். பார்தலோமியு காரிஹி (பார்ட்லியின் முழுப்பெயர்), கத்தோலிக்கன், விவசாயி மகன். சொந்த மாவட்டத்தில் யாரையும் போட மாட்டார்கள் என்பதால் கார்க் மாவட்டத்துக்கு அனுப்பியிருந்தார்கள். சண்டை மூண்டதும் மனம் பொறுக்காமல் வேலையை உதறியவர்கள் பலர். தாத்தாவும் அவர்களில் ஒருவராக இருக்கட்டும் என்று வேண்டியபடி கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள். 1922, படை கலைப்பு. கடைசி நாள்வரை இருந்திருக்கிறார்.

கோல்மன் பால் கறந்துகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள். அவன் நிமிரவில்லை.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. உனக்கு... முன்னாடியே தெரியுமா?"

"அப்பா சாகறதுக்கு முன்னாடி சொன்னாரு. பள்ளிக்கூடத்துல 'பீலர் பெத்ததே'ன்னு அவரைப் போட்டு மிதிச்சிருக்கானுங்க. அதுக்கப்புறம்தான் அமெரிக்கா கதை; உண்மை தெரிஞ்ச கெழவனுங்க எல்லாம் செத்தாச்சு. இந்தக் குழுவுல நான் எதுக்குக் கெடந்து சாகறேன்னு நெனச்சே? கல்லறைக்கு மாலை போடறவனைப் பார்த்து ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்."

"செத்தவங்களை நெனைக்கிற மாசம் நவம்பர்ல அவருக்குப் பூசை வைக்கப் போறேன். பேரோட அவர் பார்த்த வேலையையும் சேர்த்து வாசிக்கச் சொல்லப் போறேன்."

"வச்சுப் பாரு. அப்புறம் என் வீட்டு வாசப்படி மிதிக்காதே."

பூசை நடந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நான் அவளுக்குப் பின் பெஞ்சில் இருந்தேன். பாதிரியார் வாசித்தார்: "காவலர் பார்தலோமியு காரிஹியின் ஆன்மா இளைப்பாற..." கார்க்கில் போலீஸ் சுட்டுச் செத்தவனின் பேரன் மாலக்கி டூஹிக் எழுந்தான். அவன் பூட்ஸ் ஓசை வாசல்வரை கேட்டது. கதவை அறைந்து சாத்தினான். எல்லோரும் கோல்மனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் சிவந்து, முன் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து போகவில்லை. தங்கையின் பக்கமும் திரும்பவில்லை.

மறுவாரமே குழுவில் புதுத் தலைவர் வந்தார். டிம்ப்னாவின் கதவில் யாரோ தார் பூசினார்கள். அவள் தேய்த்துக் கழுவினாள். மாலக்கி இன்றுவரை அவளோடு பேசுவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு மதியம் கோல்மன் அவள் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தான். அவள் தேநீர் ஊற்றினாள். கோப்பையைத் திருப்பியபடி கேட்டான்:

"அந்த ஏட்டுல தாத்தா எவ்ளோ உயரம்னு போட்டிருந்துச்சா?"

"ஆறடி ரெண்டங்குலம்."

"அட, எமகாதகா," என்றான் கோல்மன். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான்.