கண்டிக்குக் கடல் கொண்டுவந்த கலாராணி

மடுல்கெல்லயில் தேயிலைக்கு நடுவே பிறந்த கலாராணி கடலைப் பார்த்ததெல்லாம் படத்தில்தான். ஆனாலும் கண்டிக் குளத்துக்கு மேலேயுள்ள விடுதி வாசலில், "கலாராணியுடன் கடற்கரை நடை" என்று பலகை தொங்கியது.

அவள் எழுதச் சொன்னது 'பாற்கடல் கரை நடை'. குளத்துக்குச் சிங்களத்தில் 'கிரி முஹுத' என்றொரு பெயர் உண்டு. தமிழில் சொன்னால் பாற்கடல். பலகை எழுதியவன் அவள் பெயருக்குப் பூவும் கொடியும் போட்டதில் இடம் தீர்ந்துவிட்டது. பாலைக் கழற்றிவிட்டுக் கடலை மட்டும் எழுதிவிட்டான்.

முதல் ஆட்களாக வந்திறங்கியது யார் தெரியுமா? பருத்தித்துறையில் படகு ஓட்டும் மரியநாயகம், குடும்பத்தோடு.

விடுதிக்காரி, அக்குறணை ரிஸ்னா, தலையில் கை வைத்தாள். "கடல்ல பொறந்தவங்களுக்குக் கடல் காட்டப் போறியா? இண்டைக்கு இவங்க கேலி பண்ணிட்டுப் போனா, நாளைக்கு ஒனக்குத் திரும்பவும் குசினிதான்."

விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டும் வேலைக்கென்று கெஞ்சிக் கூத்தாடி குசினியிலிருந்து வெளியே வந்தவள் கலாராணி. சட்டி பானைகளின் முகத்தில் இனி விழிப்பதாக இல்லை. "வாங்க ஐயா, போவோம்" என்று முன்னே நடந்தாள்.

கரையில் நின்று மரியநாயகம் மூக்கை உறிஞ்சினார். "உப்பு மணமே இல்லையே பிள்ளை! அலை எங்க, லீவில நிக்குதோ?"

குடும்பமே சிரித்தது.

"கண்டி அலை மரியாதையானதுங்க ஐயா, மேல வந்து விழாது" என்று கரையோரத்து வெள்ளைச் சுவரைக் காட்டினாள். ஏறி ஏறி இறங்கும் சுவர். "எல்லாரும் மேகச் சுவர்னு சொல்லுவாங்க. எனக்கு அது அலைதான்."

மரக்கிளையில் நீர்க்காகங்கள் ஈரச் சட்டையைக் காயப்போட்டதுபோல் சிறகை விரித்திருந்தன. கூழைக்கடா ஒன்று தொங்கு பையோடு மிதந்தது. "அதோட பைக்குள்ள ஒரு டீச்சரோட குடை இருக்கு. மழை வந்தா கேட்டு வாங்கிக்கலாம்" என்றாள்.

அப்போது தண்ணீரோரம் கிடந்த மரக்கட்டை நாக்கை நீட்டியது.

"ஐயோ முதலை!" மரியநாயகம் ஒரே பாய்ச்சலில் சுவர்மேல்.

"கபரகொய்யாங்க ஐயா, தண்ணி உடும்பு! அதுக்கு நீங்க வேணாம், மீனு போதும். அலையே இல்லன்னீங்க, பொறகு ஏன் ஏறுனீங்க?"

அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஏறியவர் இறங்குவதற்குள் கலாராணி கதையை ஆரம்பித்துவிட்டாள். "கடைசி ராஜா காலத்துல கடற்கரை பூராவும் வெள்ளைக்காரன் கையில. ராஜாவுக்குக் கால் நனைக்க ஒரு சாண் கரை கிடையாது. இந்தக் குளத்த ஏன் வெட்டுனாருன்னு படிச்சவங்க ஆயிரம் சொல்லுவாங்க. நான் சொல்றது இதுதான். போங்கடா, எனக்கு நானே கடல் செஞ்சுக்கிறேன்னு வயலத் தண்ணியாக்கிட்டாரு. சுவர் முடியுறதுக்குள்ள வெள்ளைக்காரன் இங்கயும் வந்துட்டான்."

மரியநாயகத்தின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"எங்கட கரையையும் சண்டை நேரம் ஆமிக்காரர் கனகாலம் கம்பி அடிச்சுப் பூட்டி வச்சிருந்தவை" என்றார் மெல்ல. "வீட்டு வாசல்ல கடல். கால் நனைக்க ஏலாது."

சுவரிலிருந்து இறங்கித் தண்ணீரோரப் படிக்கட்டுக்குப் போனார். குனிந்து தண்ணீரைத் தொட்டார். படகைத் தள்ளுமுன் செய்வதுபோல் நெற்றியில், நெஞ்சில், தோள்களில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கடல்தான்" என்றார்.

கபரகொய்யாவும் தலையாட்டியது. நம்பாதவர்கள் அதையே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

விடுதி வாசலில் ரிஸ்னா நகத்தைக் கடித்தபடி நின்றாள். "எப்புடி? சிரிச்சாங்களா?"

"ஓம், நல்லாச் சிரிச்சம்" என்றார் மரியநாயகம். "நாளைக்கும் போவம். ஊரில இருந்து மிச்ச ஆக்களையும் அனுப்பிறன். இந்தப் பிள்ளையைக் குசினிக்குள்ள மட்டும் விட்டுடாதேங்கோ தங்கச்சி, கடல் வத்திப்போயிடும்."

ரிஸ்னா சாவிக்கொத்தோடு உள்ளே போய், குசினிக்கு வேறு ஆள் தேடச் சொன்னாள்.

பிறகு பலகைக்காரன், விட்டுப்போன பாலைச் சேர்க்கத் தூரிகையோடு வந்தான். கலாராணி குறுக்கே நின்றாள்.

"பால் வேணாம் தம்பி. அந்த மூலையில ஒரு அலை போடு. பெருசா!"