சனிக்கிழமைத் தொட்டி

எங்கள் மடத்துக் குளியல் கொட்டகையில் முப்பது வருஷமாக அடுப்பெரிப்பவள் தியாதா. கல்லைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவதில் அவளை மிஞ்ச சாக்சனி நாடு முழுக்க ஆளில்லை. இதை அவளே பத்துத் தடவை சொல்லுவாள். பக்கத்தில் ரொட்டி சுடுகிற நானும் ஒப்புக்கொள்கிறேன், வேறு வழியில்லை.

எங்கள் ராஜா இறந்தது ஒரு சனிக்கிழமை. அதிலிருந்து ராணியம்மா மடத்திலேயே தங்கி, சனிக்கிழமைதோறும் ஏழைகளைக் குளிப்பாட்டினார். காலையில் தன் அறையிலிருந்து மூலிகை போட்ட வெந்நீர் ஒரு தொட்டி அனுப்புவார். பிறகு தானே இறங்கி வந்து, கையை மடித்துவிட்டுக்கொண்டு, புண்ணென்றும் சீழென்றும் பாராமல் முதுகு தேய்ப்பார்.

அந்தப் புண்ணியவதி ஒரு வெள்ளிக்கிழமை கண்ணை மூடினார். மறுநாள் காலை தியாதா அழுது வீங்கிய முகத்தோடு கொட்டகைக்குப் போனால், வாசலில் தொட்டி இருக்கிறது. வெதுவெதுவென்று, அதே மூலிகை வாசத்தோடு.

"பாத்தியாடி, சாகுற நேரத்துலயும் தண்ணிக்குச் சொல்லி வச்சிட்டுப் போயிருக்கா மகராசி" என்று என்னிடம் ஓடிவந்தாள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. வெளியே பதினோரு பிச்சைக்காரர்கள் நின்றார்கள். சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றிக் குளிப்பாட்டிவிட்டாள்.

அது ராணியின் உடலைக் கழுவிய தண்ணீர். புனித நீராக வைத்துக் காக்கலாமென்று, மடத்துக் கன்னியர் தொட்டியை அங்கே இறக்கிவிட்டுக் குப்பி எடுக்க மேலே போயிருந்தார்கள். திரும்பி வரும்போது அவர்கள் பின்னால் பாதி ஊர். முன்னால் மடத்துக் காரியஸ்தர் புரூனிங், பல்வலியில் வீங்கிய கன்னத்தோடு.

"தொட்டி எங்கடி?"

"கவுத்து வச்சிருக்கேன் ஐயா. காயட்டும்."

நடந்தது தெரிந்ததும் அவர் முகம் கறுத்தது. "இப்பவே மூட்டையக் கட்டு. இனிமே இந்த மடத்துப் பக்கம் உன் காலடி படக்கூடாது."

தியாதாவுக்குப் போக்கிடம் ஏது? வாயாடிக்கு வாய் அடைத்துப்போனது.  கொட்டகையையும் இத்தோடு மூடிவிடுவார்கள்.

அப்போது, குளித்தவர்களில் ஒருவனான ஒற்றைக்கால் லியூபோ, தலையிலிருந்து நீர் சொட்டச்சொட்ட, ஊன்றுகோலோடு முன்னால் வந்தான்.

"தண்ணி எங்கயும் போகலையே. எங்க மேலதான இருக்கு."

 பிறகு கூட்டம் பாய்ந்தது பாருங்கள், அப்பப்பா! ஒருத்தி அவன் ஈரத் தலையைத் தடவிய கையைக் காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைத்தாள். நேற்றுவரை மூக்கைப் பொத்தியவர்கள் முண்டியடித்து அந்தப் பதினோரு பேரையும் கட்டிப்பிடித்தார்கள். காரியஸ்தரே வீங்கிய கன்னத்தை லியூபோவின் தோளில் அழுத்திக்கொண்டு நின்றார்.

லியூபோ தேம்பினான். "ராணியம்மா போயிட்டாங்க, இனிமே என்னை யாரு தொடப்போறான்னு நேத்து பூரா அழுதேனுங்க."

காரியஸ்தர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். தியாதாவைப் பார்க்காமலே கேட்டார். "அடுத்த சனிக்கிழமைக்கு எத்தனை கட்டு விறகு வேணும்?"

அவளுக்கு வாய் திரும்பிவிட்டது. "விறகு கிடக்கட்டும் ஐயா. முதுகு தேய்க்க ரெண்டு கை குறையுது."

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் வந்தார்.