மொட்டை மாடியில் மட்டும் நிற்கும் மெஷின்

வீட்டிலேயே சிஎன்சி மெஷின் செய்யலாம், சுலபம் என்று வீடியோ போடுகிறவர்களை வரிசையாக நிற்கவைத்து உதைக்க வேண்டும். மோட்டார் எங்கே வாங்கினேன், டீ எங்கே குடித்தேன் என்றெல்லாம் சொல்வான்கள். எந்தத் தரையில் வைத்து வெல்டிங் அடித்தேன் என்று ஒருத்தனும் சொல்லமாட்டான்.

நான் லிஃப்ட் ரிப்பேர்க்காரன். மோட்டாரும் ஒயரும் எனக்குப் பயமில்லை. கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டை அப்படியே மரத்தில் செதுக்கித் தரும் சிஎன்சி மெஷின் ஒன்றை, மேசை அளவில் செய்யவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அவசரம் என் மனைவியால் வந்தது. அவள் துணியில் அச்சுக்கட்டை வைத்துப் பூப்போடுகிறவள். காக்ஸ் டவுனில் எங்கள் வாடகை வீட்டு ஹாலில் பாதியை அவளுடைய அச்சு மேசை தின்றுவிட்டது. சிவாஜிநகர் துணிக்கடைக்காரர் ஒருவர் முதல்தடவையாக அவளுக்கு ஆர்டர் கொடுத்தார். புது மாங்காய் டிசைன், பக்ரீத்துக்கு முன்னால் துணி கடைக்கு வரவேண்டும். வழக்கமாகக் கட்டை செதுக்கித் தருகிறவர் பெருநாள் கழித்துத்தான் முடியும் என்று கையை விரித்துவிட்டார்.

"விடு, நான் வெட்டித் தர்றேன்" என்றேன்.

"வாய் மட்டும் இல்லன்னா உன்ன நாய் தூக்கினு போயிருக்கும்" என்றாள். "வெட்டு. வரலன்னா கடைக்காரர்கிட்ட நீயே போய் சொல்லு. நான் அந்தத் தெருப் பக்கமே போமாட்டேன்."

வீட்டுக்குள் நெருப்புப் பொறி பறக்கக்கூடாது என்று ஓனர் உத்தரவு. அதனால் இரும்புக் குழாய்களை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போனேன். தண்ணீர்த் தொட்டி நிழல் விழுகிற மூலை வசதியாக இருந்தது. நான்கு காலும் தரையோடு ஒட்டி நிற்கும்படி மேலே கருங்கல்லை வைத்து அமுக்கி வெல்டிங் அடித்தேன். ஆடாத ஃபிரேம் வேண்டும், அவ்வளவுதான் என் குறி.

கன்னடக்காரரான ஓனர் மேலே வந்து பார்த்தார். "ஏன்ரீ இது? மாடில பட்டறை போட்டுட்டீங்களா?"

"மிக்ஸி ஸ்டாண்டு சார்."

"ஊருக்கே சட்னி அரைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

ஃபிரேமை இறக்கி ஹாலில் வைத்தேன். ஒரு கால் தரையைத் தொடவே இல்லை. கையை வைத்தால் டக்கு டக்கு என்று ஆடியது. அட்டையை மடித்துக் காலுக்கடியில் செருகினேன். மோட்டார்களை மாட்டி, கட்டை உட்காரும் பலகையைத் திருகி, கட்டையை வைத்து ஓடவிட்டேன். மாங்காயின் தலைப்பக்கம் ஆழமாக வெட்டியது. வால்பக்கம் எலி சுரண்டிய மாதிரி இருந்தது. மனைவி சாயத்தில் தொட்டுத் துணியில் வைத்துப் பார்த்தாள்.

"இது மாங்காயா, யாராவது கடிச்சு வெச்சதா?"

நான் இரும்புக் கடைக்காரனைத் திட்டினேன். குழாயே கோணல் என்றேன். மோட்டாரைத் திட்டினேன். கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி, அறுத்து மறுபடி அடிக்கலாம் என்று ஃபிரேமை மாடிக்கே தூக்கிப்போய்ப் பழைய மூலையில் தொப்பென்று வைத்தேன். ஆடவே இல்லை. உதைத்தேன். அப்போதும் ஆடவில்லை.

மனைவி அங்கே சாயத்தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிவப்புத் தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் ஓடிவந்து, ஃபிரேமின் ஒரு காலைச் சுற்றிக்கொண்டு மூலையிலிருந்த குழாய் ஓட்டைக்குள் போனது.

"இன்னாய்யா இது" என்றாள். "மழைத்தண்ணி இறங்கணும்னு வாட்டம் வெச்சுப் பூசின மூலை. அந்த ஓட்டைகிட்டயா வெச்சு அடிச்சே?"

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீ கேக்கற நெலமையிலயா இருந்தே? கிட்ட வந்தாலே கடிக்கறே."

கொத்தனார் தண்ணீருக்காக வைத்த சரிவை நான் இரும்பில் அச்செடுத்து வைத்திருந்தேன். கோபம் வந்தது, யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. பிரித்து அடிக்க நேரமும் இல்லை. துணி அச்சடித்துக் காயவேண்டும், கடைக்குப் போகவேண்டும்.

சரி, ஃபிரேம் முறுக்கிக்கொண்டு இருந்தால் இருக்கட்டும். மேலே இருக்கும் பலகையும் அதே முறுக்கோடு இருந்தால் என்ன? மெஷினை அந்த மூலையிலேயே மறுபடி பூட்டினேன். கீழேயிருந்து ஒயர் இழுத்து, அதன் பலகையை அந்த மெஷினையே வைத்துச் சீவினேன். அடுத்து கட்டையின் முகத்தையும் சீவவிட்டேன். இப்போது வெட்டுகிற முனைக்கு எல்லா இடமும் ஒரே ஆழம். டிசைனை ஓட்டினேன்.

பாதி மாங்காய் வந்தபோது வானம் இருட்டியது. இந்த ஊர் மழைக்கு நேரம் காலம் கிடையாது. நிறுத்தினால் விட்ட இடத்தை மறுபடி பிடிக்க இந்த மெஷினுக்குத் தெரியாது. மனைவி ஓடிப்போய்க் குடையைக் கொண்டுவந்து விரித்தாள். எனக்கு இல்லை, மெஷினுக்கு. நான் ஒயர் பிளக்குகளை என் சட்டையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு பனியனோடு நனைந்தேன்.

"மெஷின சீக்கிரம் போகச் சொல்லேன்!" என்றாள்.

"சொன்னா கேக்கறதுக்கு அது என்ன உன் தம்பியா?"

முடிந்ததும் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு கீழே ஓடினாள். துடைத்து, காயவைத்து, சாயத்தில் தொட்டாள். துணியை வீணாக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. நான் மாற்றியிருந்த பனியன்மேல், நெஞ்சிலேயே ஓங்கி ஒன்று வைத்தாள். கட்டையை எடுத்ததும் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். தலை, வால், உள்ளே இருக்கும் புள்ளிகள் எல்லாம் முழுசாக இருந்தன.

"தள்ளு" என்று சொல்லி அச்சு மேசையில் துணியை விரித்தாள்.

பக்ரீத்துக்கு முன்பே துணி சிவாஜிநகர் போனது. அவளேதான் கொண்டுபோனாள். மெஷின் இன்னும் அந்த மூலையில்தான் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஒரு சாண் நகர்த்தினாலும் ஆடும்.