பத்தாவது கல்

அந்தக் கல்லைப் பேத்தியிடம் கொடுத்து இருபத்து மூன்று நாட்களாகியும் ஒரு தகவலும் இல்லை. அவள் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்கிறாள். ஏழு முறை தொலைபேசியில் கேட்டேன்; ஏழு முறையும் “வரும் தாத்தா, பதறாதீங்க” என்றாள். கண்டி பஸ்ஸில் இருக்கைக்குக் கீழே மறந்து விட்டாளோ, யாராவது அதை வைத்துக் கொட்டைப்பாக்கு தட்டுகிறார்களோ என்றெல்லாம் மனம் ஓடியது. போன ஞாயிற்றுக்கிழமை அவளே கொண்டுவந்து மேசையில் வைத்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. சோதிப்பதற்காக ஓரத்தில் ஒரு மெல்லிய சீவல் மட்டும் எடுத்திருந்தார்கள்.

அது எங்கள் வீட்டில் விழுந்த கல். அப்போது எனக்கு எட்டு வயது.

கண்டிக்குப் பக்கத்தில், கலகெதர என்ற ஊருக்கு மேலே ஒரு சரிவில் இருந்தோம். எங்களுக்கும் மேலே, வேலிக்கு அப்பால், கிராம்பு வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் பெரியவரின் வீடு. எல்லாருக்கும் அவர் நானா. வேலி ஒரு முழம் நகர்ந்ததா இல்லையா என்ற விவகாரத்தில் அப்பாவுக்கும் அவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. அந்தப் பகை என்னைக் கட்டுப்படுத்தவில்லை. அவருடைய மாமரத்துக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் போய்விடுவேன்.

பத்துக் கல் பொறுக்கி வரிசையாக வைப்பேன். ஒன்றை எறிந்து, அது விழும் சத்தத்தைக் கேட்ட பிறகே அடுத்ததை எடுப்பேன். அன்று ஒன்பது சத்தங்கள் கேட்டன. மாங்காய் ஒன்றும் விழவில்லை. முற்றத்தில் கிராம்பு கிளறிக்கொண்டிருந்த நானா நிமிர்ந்து, “மரத்துக்கும் உசுரு இருக்குது மகன், மெதுவா எறிங்க” என்றார். பத்தாவதை என் முழுப் பலத்தோடும் எறிந்தேன். கல்லுடைக்கும் இடத்தில் வேட்டு வைத்தது போல வானத்தில் ஒரு சத்தம். தொடர்ந்து கீழே எங்கள் தகரக் கூரையில் ஒரு சத்தம். அப்புறம் அம்மாவின் அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கூரையில் ஓட்டை. மண் தரையில் பாதி புதைந்த ஒரு கறுப்புக் கல். பாயில் கிடந்த கைக்குழந்தைத் தங்கச்சியிலிருந்து அது மூன்று சாண் நான்கு விரற்கடை தள்ளி இருந்தது; பிறகு நானே அளந்தேன். அம்மா தங்கச்சியை மார்போடு அணைத்துக்கொண்டாள். என் பத்தாவது கல்லின் சத்தம் எனக்கு வந்து சேரவே இல்லையே!

அப்பா கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வேலியருகே போய்க் கத்தினார்.

“சண்டைன்னா என்கிட்ட வாங்க நானா! பச்சப்புள்ள மேல கல்லெறியிறீங்களே, நீங்கல்லாம் ஒரு பெரிய மனுசனா?”

நானா கிராம்புச் சாக்கின் பக்கத்தில் அப்படியே நின்றார். அப்பாவைப் பார்த்தார்; அப்பாவின் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்; தலையைக் குனிந்துகொண்டார்.

“வாயத் தொறக்கிறாரா பாரு! இப்பவே பொலிசுக்குப் போறேன்.”

அப்பா சட்டையை மாட்டினார். கல்லைத் துணியில் சுற்றினார். வாசல் படிகள் ஆறு. அவர் நாலாவது படியில் இறங்கும்போது நான் குறுக்கே போய் நின்றேன்.

“நான்தாம்பா எறிஞ்சேன்.”

அவர் கை உயர்ந்தது. நல்லவேளை, மாமா வீட்டில் இருந்தார். அம்மாவின் தம்பி, கட்டுகஸ்தோட்டையில் ரேடியோ திருத்துகிறவர், காய்ச்சல் என்று அன்று கடை திறக்கவில்லை. கல்லை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“கைய இறக்குங்க மச்சான். இவனா? ஒரு மாசமா எறியிறான், ஒரு மாங்கா விழல. இவன் எறிஞ்சா கூரை ஓட்டையாகும்?”

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுவந்து அருகில் காட்டினார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. கல்லின் மேல் மெல்லிய கரித்தோல். “பாருங்க, எரிஞ்சுக்கிட்டே வந்திருக்கு. இது வானத்துல இருந்து விழுந்தது மச்சான்.”

என் எறிதலை அவ்வளவு கேவலமாகப் பேசியதற்கு நான் ரோசப்பட்டிருக்க வேண்டும். மாறாக அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு நிம்மதி. மறுநாள் என் பத்தாவது கல் மாமரத்தின் கிளைக் கவட்டில் உட்கார்ந்திருந்தது.

வானத்திலிருந்து வந்தது சாமியாகத்தான் இருக்க வேண்டும் என்று அம்மா முடிவு செய்தாள். குழந்தையைத் தொடாமல் விட்ட சாமி. வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினாள். இரும்பு கலந்த கல்லுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது. மூன்றாம் வருடம் துருப்பிடித்து இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி தூளாயிற்று. மிஞ்சிய பாதியின் உள்ளே பதினொரு கறுப்புக் கோடுகள். “சாமிக்கு நரம்பு ஓடுது” என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் மோதியதால் வந்த காயம் என்று நான் எண்ணிக்கொண்டேன். நெடுநாள் அது உறுத்தியது.

அதைத்தான் பேத்தி தீர்த்துவைத்தாள். அந்தக் கோடுகள் ஒரு பழைய மோதலின் தழும்புகளாம். விண்ணில் இரண்டு பெரும் பாறைகள் இடித்துக்கொண்டபோது, கல் கோடு கோடாக உருகி, உடனே இறுகியிருக்கிறது. அந்த அழுத்தத்தில் ஒலிவின் என்ற பச்சைக் கனிமம் நீலம் கலந்த ஊதா மணிகளாக மாறியிருக்கிறது. கூரையில் விழுந்த அடிக்கெல்லாம் அப்படி மாறாதாம்.

“எவ்வளவு காலத்துக்கு முந்தி?” என்று கேட்டேன்.

“அதுக்குள்ள பொஸ்பேட் மணிகள் இருக்கு தாத்தா. அதுல யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமா ஈயமா மாறும். பெரிய அடி விழுந்தா ஈயம் வெளியேறி, கணக்குத் திரும்பவும் முதல்ல இருந்து தொடங்கும். அணு அணுவா எண்ணணும். கோடிக்கணக்கான வருசமா இருக்கும். சரியா எண்ணுற மெசின் எங்ககிட்ட இல்ல.”

எண்ண முடியாதது ஒரு குறைதான். இருந்தாலும், யாரும் எறியாத கல், எங்களால் காயப்படாத கல் என்று தெரிந்ததில் நெஞ்சு லேசாகிவிட்டது.

கல் விழுந்த அன்று அப்பா மாட்டிய சட்டையைக் கழற்றவில்லை. அதோடேயே நானாவின் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது மடியில் மாங்காய்கள், பன்னிரண்டு. நான் எறிந்துகொண்டிருந்ததைப் பற்றி நானா அப்போதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அவர் அம்மாவிடம் சொன்னதிலிருந்து தெரிந்தது.

நானா பத்தடி தூரத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கூரையை உடைத்தது என் கல்தான் என்று அவரும் நம்பியிருப்பார். “உங்க மகன்கிட்ட கேளுங்க” என்று மூன்றே சொற்கள் போதும். அதைச் சொல்லாமல், பொலிஸ் வரைக்கும் போகவிருந்த ஒரு பழியை அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்.

எட்டு வயதில் எனக்குத் தோன்றியது வேறு. எங்கள் அப்பாவைக் கண்டால் நானாவுக்குப் பயம் என்று பள்ளிக்கூடத்தில் நான்கு பேரிடம் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.