பக்கத்துக் காணியில் ஒரு பட்ட பனை

போன மாரியில் இடி விழுந்து தலை கருகிய பனை அது. நின்றது பக்கத்துக் காணியில். சாய்ந்திருந்தது எங்கள் அறைக்கு மேலே. அந்த அறையில்தான் இடுப்பெலும்பு முறிந்த என் கணவர் படுத்திருந்தார். புங்குடுதீவில் சோளகக் காற்றுத் தொடங்கினால் சும்மா தொடங்காது. ஒவ்வொரு இரைச்சலுக்கும் அடுப்பை விட்டு வெளியே ஓடி அண்ணாந்து பார்ப்பேன். சோறு எத்தனை தரம் அடிப்பிடித்தது என்று கேட்காதீர்கள்.

"கட்டிலை முன் விறாந்தைக்கு மாத்துவமே?" என்றால், "கக்கூஸ் இந்தப் பக்கம். பனைக்குப் பயந்து நான் பாயோடை அலைய ஏலாது" என்பார். விசர் மனிசன்.

வெளிநாடு போனவர்களின் காணியில் ஒரு ஓலையைக்கூட அவர்களைக் கேட்காமல் இங்கே வெட்டமாட்டோம். போன் எடுத்துக் கேட்க வேண்டும். பனை வெட்டுவதற்கான அனுமதிக் கடிதத்தை அரசாங்கக் கந்தோரில் வாங்கிவிட்டேன். கனடாவில் இருக்கிற காணிக்காரத் தம்பியின் 'ஓம்' மட்டும் வரவில்லை.

மரம் வெட்டுகிற அண்ணை வந்து கோடாலியின் பின்புறத்தால் அடியைத் தட்டினார். ஒரு பக்கம் கோறையாக ஒலித்தது. "உள்ளுக்கு ஒண்டுமில்லை. மேலை ஏற ஏலாது. தெருப்பக்கம் கரண்ட் கம்பி. உங்கடை பக்கம் ஆள். விழுத்த மிச்சம் அந்தப் பக்கம்தான்" என்று கையைக் காட்டினார். அங்கே தம்பியின் பழைய வீட்டுக் குசினி நின்றது. முப்பது வருடமாக யாரும் உலை வைக்காத குசினி.

"அது மட்டும் வேண்டாம் அக்கா. அம்மா சமைச்ச இடம். நாங்கள் வந்து திருத்தத்தான் இருக்கிறம்" என்றார் தம்பி போனில்.

இதையே மூன்று கிழமை சொன்னார். நாலாவது கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"தம்பி, உம்மடை குசினியிலை ஓணான் கிடக்குது. என்ரை அறையிலை மனிசன் கிடக்கிறார். எது பெரிசெண்டு நீரே சொல்லும்."

கத்தித்தான் சொன்னேன். "விழுத்துங்கோ" என்றார். "வீடியோவிலை எனக்குக் காட்ட வேணும்."

காற்று விழட்டும் என்று அண்ணை இரண்டு நாள் கோடாலியைத் தொடவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலை காற்று அடங்கியது. நாலு பேர் கணவரைக் கட்டிலோடு தூக்கி, ஒழுங்கையைத் தாண்டி எதிர்ப்பக்கம் வைத்தார்கள். அவர் அவர்களை ஏசிக்கொண்டே போனார். ஏணி எட்டிய உயரத்தில் வடம் கட்டி, குசினிக்கு அப்பால் மரம் எட்டாத தூரத்தில் நின்ற லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கொழுவினார்கள். குசினிப் பக்கமாக அடியில் ஒரு வாய் வெட்டிவிட்டு, பின்பக்கம் மெசின் வாளை வைத்தார் அண்ணை. பனை ஒருதரம் முனகியது. பிறகு நேரே போய்க் குசினிக் கூரையில் விழுந்தது.

எங்கள் ஓடு ஒன்றும் அசையவில்லை. சந்தோசத்தில் கூவிவிட்டேன்.

போனில் தம்பி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தூசி அடங்கியபின், "அக்கா, அடுப்புக்குப் பக்கத்திலை அம்மான்ரை அம்மி கிடந்தது. உடைஞ்சிட்டுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றார்.

அந்த அம்மியை நான் பத்து வருடத்துக்கு முன்பே தூக்கி வந்துவிட்டேன். ஒரு ஓலைக்குப் போன் எடுக்கிற நான் அதற்கு எடுக்கவில்லை.

"அது அங்கை இல்லைத் தம்பி. என்ரை குசினியிலை கிடக்கு. நான்தான் எடுத்தனான். உம்மட்டைக் கேக்கேல்லை."

"அரைக்கிறனீங்களே?"

"ஓம்."

"காட்டுங்கோ."

போனைக் கொண்டுபோய் அம்மிக்கு நேரே பிடித்தேன். காலையில் அரைத்த சம்பல் கழுவாமல் அதில் ஒட்டியிருந்தது. வெட்கத்தில் துடைக்கக் கை போனது.

"துடையாதேங்கோ அக்கா" என்றார்.